இடால்மிஸ் போட்ட பிரேக்

என் வண்டியை யாராவது அமெரிக்கக் கார் என்று சொன்னால் நான் மறுப்பதில்லை. பிளைமவுத், ஐம்பத்திரண்டாம் வருஷத்து மாடல். இரண்டு கை மாறி என் அப்பாவிடம் வந்தது, அவரிடமிருந்து எனக்கு. அதுவரைக்கும் உண்மைதான். ஆனால் முன்மூடியைத் தூக்கினால் உள்ளே உட்கார்ந்திருப்பது ஜப்பான்காரனின் டீசல் எஞ்சின். எங்கேயோ ஒரு வேன் கவிழ்ந்த புண்ணியத்தில் கிடைத்தது. கியர் பெட்டி ரஷ்யாவின் வோல்காவுடையது. ஸ்டியரிங் லாடாவுடையது. வைப்பர் மோட்டார் ஒரு போலந்துக் குட்டிக் காரிலிருந்து வந்தது. பின்கதவின் கைப்பிடி எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜுடையது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் என் மனைவி ஒனெலியாவுக்கு இன்றைக்கும் கோபம் வரும். அமெரிக்கா என்று அதில் மிச்சமிருப்பது வெளித்தகடும் ஹாரன் வளையமும்தான்.

இந்த ஒட்டுப்போட்ட வண்டியில் தினமும் அறுபது பேரை மேட்டிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குகிறேன், அங்கிருந்து அறுபது பேரை ஏற்றிக்கொண்டு வருகிறேன். எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை, கர்வம்தான். ஒருமுறை ஒரு அமெரிக்கர் கழுத்தில் பெரிய கேமராவோடு வந்தார். தன் ஊரில் இதே பிளைமவுத் தன்னிடமும் இருக்கிறது, ஒரு திருகாணிகூட மாறாதது என்றார். எத்தனை நாளைக்கு ஒருமுறை ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். வருஷத்துக்கு இரண்டு முறை, மழை இல்லாத நாளாகப் பார்த்து, என்றார். அவர்மேல் எனக்குப் பாவமாக இருந்தது.

சாந்தியாகோ மேடும் பள்ளமுமான ஊர். எங்கள் ஷேர் டாக்ஸி ஸ்டாண்டு உச்சியில் இருக்கிறது, துறைமுகம் அடியில். நடுவில் இருப்பது முழுக்க இறக்கம். வண்டியை ஓட வைக்க இந்த ஊரில் நூறு பேர் உண்டு. இந்த இறக்கத்தில் கைப்பிள்ளைகூட ஓட வைக்கும். நிற்க வைக்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் இடால்மிஸ் கெசாதா. அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடுவில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும், அந்த இடத்தில் எனக்குக் கர்வப்பட ஒன்றும் இல்லை.

அவள் பிறந்தது ஒரு சர்க்கரை ஆலைக் குடியிருப்பில். பதினெட்டு வயதில் அந்த ஆலையின் லேத் பட்டறையில் சேர்ந்தாள். கரும்பு பிழியும் உருளைகளின் அச்சைக் கடைந்து சரிசெய்வது வேலை. ஒவ்வொரு உருளையும் ஒரு மாடு கனம். மயிரிழை பிசகினால் ஆலையே நின்றுவிடும். பதினான்கு வருஷம் அவள் கடைந்த அச்சு எதுவும் திரும்பி வரவில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பிறகு ஆலையை மூடினார்கள். தொழிலாளர்கள் எல்லோரையும் படிக்கப் போகச் சொன்னார்கள், அவளையும் ஒரு வகுப்பில் உட்கார வைத்தார்கள். மூன்று வாரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். நான்காவது வாரம் அளவுக்கருவியையும் இரண்டு கவுனையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சாந்தியாகோவுக்கு லாரி ஏறிவிட்டாள்.

இங்கே வந்து அவள் முதலில் தேடியது வீடு இல்லை, லேத். ஐஸ் ஃபாக்டரி ஒன்று கழித்துப் போட்டிருந்த பழைய லேத்தை எப்படியோ பேசி வாங்கினாள். எட்டு ஆண்கள் இரும்புக் குழாய்களை அடியில் போட்டு உருட்டிக்கொண்டு போய் அதை அவள் வாடகை வீட்டின் முன்னறையில் வைத்தோம். அந்த எட்டுப் பேரில் நானும் ஒருவன். மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை. மோட்டார் இல்லாத அந்த லேத்துக்குத் தண்ணீர் பம்பின் மோட்டாரை மாட்டினாள். முன்னறையில் இருந்த சோஃபா சமையலறைக்குப் போயிற்று. இன்றைக்கும் அவள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், அதுவும் முட்டியை மடக்கிக்கொண்டு.

முதலில் அவளிடம் யாரும் போகவில்லை. ஸ்டாண்டின் தலைவர் ஹெர்வாசியோ, பெரிய ப்யூக் வைத்திருப்பவர். தொண்டையும் பெரிசு. நம் பிரேக்கில் பொம்பளை கை படுவதா என்று காதுபடவே பேசினார். ஆனால் அவருடைய ப்யூக்கின் பிரேக் சிலிண்டர் உள்ளே அரித்துப் போயிருந்தது. நாங்கள் எல்லோரும் செய்வது போல அவரும் தடித்த ரப்பரைப் போட்டுப் பார்த்தார். ஒரு மாதம் தாங்கும், பிறகு கசியும். கடைசியில் வேறு வழியில்லாமல் சிலிண்டரைக் கழற்றி ஒரு பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அவள் வீட்டுக்குப் போனார்.

அவள் அந்தச் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்கி, வெண்கலத்தில் ஒரு உறை செய்து உள்ளே இறுக்கினாள். வெண்கலம் மூழ்கிப்போன ஒரு படகின் தண்டிலிருந்து வந்தது. அதற்கேற்ற ரப்பரையும் அவளே வெட்டினாள். ப்யூக் நடு இறக்கத்தில், ஏழு பேரோடு, ஒரு கோழி குறுக்கே ஓடியதற்காக நின்றது. ஹெர்வாசியோ அவளைப் பாராட்டவில்லை. அடுத்த மாதம் முன் சக்கரத்துச் சிலிண்டரையும் கழற்றிக்கொண்டு போனார். அவர் பாராட்டுவது அப்படித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் போனோம். எங்கள் ஸ்டாண்டில் இருக்கும் பதினெட்டு வண்டிகளும் இடால்மிஸ் போட்ட பிரேக்கில்தான் நிற்கின்றன.

அவள் வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். டிராக்டர் பிஸ்டனைக் கொடுத்தால் செவர்லேக்குப் பொருந்துகிற மாதிரி குறைத்துத் தருவாள். லாரியின் அச்சாணியைக் கொடுத்தால் டாட்ஜுக்கு மூட்டு செய்து தருவாள். எந்த ஊர்ப் பாகத்தையும் எந்த ஊர் வண்டிக்கும் சம்பந்தம் பேசி முடித்துவிடுவாள் என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தக் கேமரா அமெரிக்கரையும் அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: உங்கள் வண்டியில் பிரேக் கட்டைக்கும் டிரம்முக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு? அவருக்குத் தெரியவில்லை. ஒரு திருகாணிகூட மாறாத வண்டியின் சொந்தக்காரர்! அவள் வேலைக்குத் திரும்பினாள். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமலே வயிறு நிறைந்திருந்தது.

பிரேக் ஆயில் விஷயத்தில் மட்டும் அவள் கறார். கடைகளில் ஆயில் கிடைப்பதில்லை. கீழ்ப்பேட்டையில் ஒரு மெக்கானிக் இருக்கிறான், ஷாம்புவைக் கரைத்து ஊற்றுவான். இடால்மிஸ் விளக்கெண்ணெயையும் சாராய ஆலையின் ஸ்பிரிட்டையும் தன் அளவில் கலந்து, நைலான் துணியில் மூன்று முறை வடிகட்டுவாள். அவள் வெட்டும் ரப்பருக்கு அதுதான் ஒத்துப்போகும். பிளைமவுத்தில் ஆயில் ஊற்றும் வாய் ஓட்டுநரின் காலடியில், மிதியடிக்குக் கீழே இருக்கிறது. அந்த மூடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, என் கேனைத் தவிர வேறு எதுவும் இதற்குள் போகக் கூடாது என்று என் முகத்துக்கு நேராக இரண்டு முறை சொன்னாள். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

போன ஜூலையில், கார்னிவலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மயாமியில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு பை கொடுத்தனுப்பினான். அதில் ஒனெலியாவின் பிரஷர் மாத்திரை, ஷேவிங் பிளேடு, ஒரு பாட்டில் பிரேக் ஆயில். அசல் ஆயில், தேன் நிறத்தில், சீல் பிரிக்காதது. இரண்டு நாள் அதை டி.வி.க்கு மேல் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை காலை, வண்டிக்குள் குனிந்து மிதியடியைத் தூக்கிச் சிவப்பு மூடியைத் திறந்தேன். ஆயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. இடால்மிஸின் கேனில் இருந்து கொண்டுவந்தது ஒரு சின்னப் பாட்டிலில் வீட்டிலேயே இருந்தது. ஆனால் அசல் சரக்கு கையில் இருக்கும்போது விளக்கெண்ணெயை ஊற்ற யாருக்கு மனசு வரும்?

பழையதை முழுக்கக் கொட்டிக் கழுவிவிட்டு, ரப்பரையும் மாற்றிப் புதியதை ஊற்றியிருந்தால் அது ஒரு வழி. ஆனால் இந்த ஊரில் நல்ல பொருளைக் கீழே கொட்டக் கை வருமா? வளைந்த ஆணியை நிமிர்த்தி வைப்போம், கிழிந்த ட்யூபை வாஷராக வெட்டுவோம், காலி பாட்டிலைக்கூடக் கழுவி அடுக்குவோம். இடால்மிஸின் ஆயிலும் நல்லது, மயாமி ஆயிலும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று என் மண்டை சொல்லிற்று. பழையதன் மேலேயே புதியதை ஊற்றி மூடினேன். யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு பேரோடு இறங்கிக்கொண்டிருந்தேன். என் பின்னால் உட்கார்ந்திருந்தவள் சொராய்தா, பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்பவள். பேத்தியின் பிறந்தநாளுக்கு வெள்ளை கிரீம் போட்ட கேக்கை அட்டையில் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தாள். முதல் முனையில் பிரேக் பிடித்தது. இரண்டாவது முனையில் பிரேக் பெடல் மெத்தென்று இருந்தது. மூன்றாவதில் மிதித்தேன், கால் தரைவரைக்கும் போயிற்று. மறுபடி மிதித்தேன், ஒன்றுமில்லை. கை பிரேக் என்பது வோல்கா கியர் பெட்டி வந்த அன்றே போய்விட்டது. முதல் கியருக்குத் தள்ளினேன், எஞ்சின் கத்திற்று, வேகம் பாதியானது. கீழே நடுச்சந்தியில் ஜனங்கள். இடது பக்கம் யாரோ வீடு கட்ட மணல் குவித்திருந்தார்கள். அதில் கொண்டுபோய் ஏற்றினேன்.

வண்டி நின்றது. கேக் முழுக்க என் பிடரியில் இருந்தது. எல்லோரும் தாங்களாகவே இறங்கினார்கள், ஆனால் சொராய்தாவின் மணிக்கட்டு முறிந்திருந்தது. அவள் கத்தவில்லை. கையை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் உடைந்த ஹெட்லைட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கூடிவிட்டது. ஹெர்வாசியோவும் ப்யூக்கை ஓரம்கட்டிவிட்டு வந்தார். பிரேக் யார் போட்டது என்று யாரோ கேட்டார்கள். யார் போட்டது என்று ஊருக்கே தெரியும். ஹெர்வாசியோ என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தேயோ, அதுல நீ ஏதாவது கை வச்சியா?"

"இல்ல. மிதிச்சேன், போயிருச்சு."

இந்த இரண்டு வாக்கியத்தில் முதலாவது பொய். அதைச் சொன்ன நிமிஷத்தில் எனக்கே அது பொய் என்று உறைக்கவில்லை. மயாமி ஆயிலால் கெடுதல் வரும் என்று நினைக்க என் மனசு ஒப்பவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று குறுகுறுத்தது. அதை அமுக்கிவிட்டேன்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமலே இடால்மிஸ் வந்தாள். அட்டையை விரித்து வண்டிக்கடியில் படுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன், கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன் சக்கரத்தின் குழாயைக் கழற்றி ஒரு தகர டப்பாவில் ஆயிலைப் பிடித்தாள். வெளியே வந்து வெளிச்சத்தில் அதைக் காட்டினாள். பால் திரிந்தது போல இருந்தது: அடியில் வெள்ளைக் கட்டி, மேலே தேன் நிறத்தில் தண்ணீர் மாதிரி ஒன்று.

"என்ன ஊத்துன, தேயோ?"

"உன்னோடதுதான்."

"என்னோடது இப்படித் திரியாது."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடி படுத்தாள். குழாய்கள் எல்லாவற்றையும் கழற்றி ஸ்பிரிட்டில் கழுவினாள், நான்கு சக்கரத்துக்கும் புது ரப்பர் வெட்டிப் போட்டாள், தன் கேனிலிருந்து ஊற்றினாள். சாயங்காலம் ஆயிற்று. ஒனெலியா கொடுத்த காபியைக் குடித்தாள். போகும்போது படியில் நின்று சொன்னாள்.

"நான் போய்ச் சொன்னா தப்பிக்கப் பாக்கறேன்னுதான் பேசுவாங்க. ஊத்துனவன்தான் சொல்லணும்."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, ஒரு வழியாக உண்மை வெளியே வந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

ஸ்டாண்டில் பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. வெண்கல உறை சூட்டில் விரிந்துவிடும் என்று ஒருவன் கண்டுபிடித்தான், ஐந்து வருஷமாக அதே பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தியவன். ஆலையில் வேலை தெரியாததால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று இன்னொருவன். நான் கேட்டுக்கொண்டு டயரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு வாரத்தில் அவள் வீட்டுப் பக்கம் ஒரு வண்டி போகவில்லை. எப்போதும் லேத் சத்தம் கேட்கும் அந்தத் தெருவில் ரேடியோ சத்தம் கேட்டது. கார்னிவல் வந்தது, போயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பிரேக் சோதனைக்கு முன்னால் பதினெட்டு வண்டிகளையும் ஒரே மெக்கானிக்கிடம் காட்டுவது எங்கள் வழக்கம். இந்த முறை யாரிடம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டாண்டில் கை தூக்கி முடிவு செய்வது என்றார் ஹெர்வாசியோ. ஷாம்புக்காரனின் பெயர் அடிபட்டது. எங்கள் ஸ்டாண்டு கைவிட்டால் இந்த ஊரில் வேறு எந்த ஸ்டாண்டும் அவளைத் தொடாது. லேத்தைக் கொடுத்துவிட்டு, ஆலை இல்லாத அந்த ஆலை ஊருக்கே அவள் திரும்பப் போவதாக ஒனெலியா ரேஷன் ரொட்டி வரிசையில் கேட்டுக்கொண்டு வந்தாள்.

சொல்லிவிட்டு அவள் டி.வி.க்கு மேலிருந்த மயாமி பாட்டிலைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"இது பாதியா இருக்கே. நீ குடிச்சியா?"

கறுப்பு பீன்ஸ் சோறு என் தட்டில் அப்படியே இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

அன்றைக்கு நான் செய்த காரியத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். உண்மையை ஒத்துக்கொள்ள அல்ல, என்மேல் தப்பில்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள, ப்ரூ என்று எங்கள் ஊரில் விற்கும் மூலிகைப் பானத்தின் காலி பாட்டில் ஒன்றில் இடால்மிஸின் ஆயிலையும் மயாமி ஆயிலையும் பாதிப் பாதி ஊற்றிக் குலுக்கி, வெயில் படும் ஜன்னலில் வைத்தேன். அன்று மாலை ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று இருந்தது. மறுநாள் லேசாகக் கலங்கியது. மூன்றாம் நாள் அடியில் கட்டி கட்டியாகத் தங்கிவிட்டது. டப்பாவில் அவள் காட்டியது எதுவோ அதுவே. அது சனிக்கிழமை.

ஞாயிறு காலை அந்தப் பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பிளைமவுத்தை ஸ்டாண்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பதினெட்டு ஓட்டுநர்களும் மரத்தடியில் நின்றார்கள். பயணிகள் வரிசை பக்கத்திலேயே இருந்தது, முதல் வண்டிக்காகக் காத்துக்கொண்டு. வரிசையில் மூன்றாவதாக, மாவுக்கட்டுப் போட்ட கையோடு, சொராய்தா. அவளைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஹெர்வாசியோ பேச ஆரம்பித்து, சரி, ஷாம்புக்காரனுக்கு யார் யார் கை தூக்குகிறீர்கள் என்று கேட்டார். நான் பாட்டிலைத் தூக்கினேன்.

"பொறு. நான்தான் ஊத்தினேன். என் தம்பி அனுப்பின ஆயில். வேற எதுவும் ஊத்தாதேன்னு இடால்மிஸ் ரெண்டு தடவ சொன்னா. அவ ஆயில் மேலயே ஊத்தினேன். ரெண்டும் சேந்தா இப்படித்தான் ஆகுது, பாருங்க. அவ பிரேக்குல ஒரு குறையும் இல்ல."

பாட்டில் கை மாறிற்று. ஒவ்வொருவரும் கவிழ்த்துப் பார்த்தார்கள். யார் முகத்திலும் ஈயாடவில்லை. வெண்கலம் விரியும் என்று கண்டுபிடித்தவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெர்வாசியோ பாட்டிலை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"மூணு வாரமா வாயில என்னடா வச்சிருந்த?"

"பயந்தான்."

வரிசைப் பக்கம் போய், என்னை மன்னித்துவிடு என்று சொராய்தாவிடம் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் பேத்திக்குக் கேக்கே இல்லாமல் போயிற்று என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

ஹெர்வாசியோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். இடால்மிஸின் வீடு மூன்று தெரு தள்ளி. அவர் நடந்து போவதையே நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பக்கத்துக் கடைக்குப் போனாலும் ப்யூக்கில்தான். அங்கே அவர் அவளிடம் என்ன சொன்னார் என்று இன்றுவரை இரண்டு பேரும் வெளியே விடவில்லை. அரைமணி நேரம் கழித்து அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் கை கழுவிக்கூட வரவில்லை, கிரீஸ் துணி தோளில் கிடந்தது. அவள் முன்னாலேயே கை தூக்கச் சொன்னார். பதினெட்டுக் கையும் அவளுக்குத்தான் உயர்ந்தது. அவள் சிரிக்கவில்லை. நாளைக்கு முதல் வண்டி எது என்று மட்டும் கேட்டாள். தலையை நிமிர்த்திக்கொண்டு அவள் அங்கே நின்றதைப் பார்க்க எனக்கு நெஞ்சு விம்மியது. அவமானம் பிடுங்கித் தின்ற அதே நெஞ்சுதான்.

காரியம் முடிந்தது, வண்டிகள் ஓட வேண்டும். அன்றைக்கு முதல் முறை என்னுடையது. எங்கள் ஸ்டாண்டில் முறைக்கு உரிய வண்டி நிரம்பாமல் அடுத்தது நகராது. ஹெர்வாசியோ வழக்கம்போல, பிளைமவுத், துறைமுகம், ஆறு பேர் என்று கூவினார். வரிசையில் ஒருவர்கூட அசையவில்லை. எல்லோரும்தான் எல்லாவற்றையும் கேட்டார்களே. வரிசையின் முதலில் நின்ற மனிதர் மரியாதையாகவே சொன்னார், தான் அடுத்த வண்டியில் வருவதாக. இரண்டாவது பெண்ணும் அப்படியே. சொராய்தா கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

நான்கு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு வண்டி பக்கத்தில் நின்றேன். முப்பது வருஷமாக இந்த இறக்கத்தில் ஓட்டுகிறேன். என் வண்டி காலியாக நின்றது இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் ஏறியிருக்க மாட்டேன். முறையை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று ஹெர்வாசியோவிடம் சொல்லத் திரும்பினேன். இனி மறுபடி எப்போது வருவேன் என்று எனக்கே தெரியவில்லை.

இடால்மிஸ் தோளில் இருந்த துணியில் கையைத் துடைத்தாள். பிளைமவுத்தைச் சுற்றி வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.

"நான் போட்ட பிரேக்கு. ஓட்டு."

சற்று முன்புதான் அவளுக்குத் திரும்பக் கிடைத்த நல்ல பெயர் அது, அதைக் கொண்டுவந்து என் சீட்டில் வைத்துவிட்டாள். நான் அவளுக்குச் செய்ததற்கு அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கவே வேண்டாம். சொராய்தா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வரிசையை விட்டு வந்து பின்கதவுப் பக்கம் நின்றாள்.

"அவ ஏறினதுக்காக ஏறறேன். உனக்காக இல்ல."

அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஆறு பேர் ஆயிற்று. கதவுகளைச் சாத்தினேன், கியர் போட்டேன். இறக்கம் தொடங்கியது. அன்றைக்கு அந்த இறக்கத்தில் நான்கு முறை பிரேக்கை மிதித்தேன், மணல் குவியலுக்கு எதிரே ஒருமுறை. நான்கு முறையும் வண்டி நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் முன்சீட்டை இறுகப் பிடித்தார்கள். இடால்மிஸ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தாள், ஒருமுறைகூட முன்னால் கையை ஊன்றவில்லை.